வேலூர் வெயில், ஏலகிரி இறக்கம்: ஹைப்ரிட் காரின் பேட்டரியும் பிரேக்கும்

ஹைப்ரிட் கார் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “பேட்டரி போயிடுச்சுன்னா எவ்வளவு செலவாகும்?” நியாயமான கேள்விதான். ஆனால் வருடக்கணக்கில் ஓட்டுகிறபோது கார் மக்கர் செய்யும் காரணங்களில் அந்தப் பெரிய பேட்டரி கடைசி வரிசையில்தான் நிற்கிறது. அதற்கு முன்னால் 12 வோல்ட் சின்ன பேட்டரி, தூசி அடைத்த ஃபில்டர், அதிகம் வேலை செய்யாமலே துருப்பிடிக்கும் பிரேக் ஆகியவை வந்துவிடுகின்றன. இவை மூன்றுக்கும் ஆகும் செலவு குறைவு. யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜின், மின் மோட்டார் இரண்டும் இருந்து, மோட்டாரில் மட்டும்கூடத் தனியாக ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களுக்கு. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் 177.6 வோல்ட், 0.76 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயான் பேட்டரி. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகின்றன, எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு. பேட்டரியை முழுக்க நிரப்பவும் முழுக்கக் காலி செய்யவும் கம்ப்யூட்டர் விடாது, நடுப்பகுதியில் மட்டுமே வைத்து ஓட்டும். ஆயுள் நீள்வதற்கு அதுதான் காரணம்.

அந்த ஆயுளைக் குறைப்பது சூடு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடி ஸ்டேஷன் வாசலிலோ வெயிலில் நின்ற காருக்குள் வெப்பம் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் பேட்டரியைக் குளிர்விப்பது கேபின் காற்று. சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ உள்ள சிறு ஜன்னல் வழியாக ஃபேன் அதை இழுக்கிறது. கேபின் கொதித்தால் பேட்டரிக்கும் கொதிக்கிற காற்றே போகும். அதனால் ஏறியவுடன் நான்கு கண்ணாடியையும் இறக்கி, சூட்டை வெளியேற்றி, ஏசி போட்டு இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுவது மே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

அந்தக் காற்று ஜன்னலை மறைத்துப் பை, போர்வை, மளிகைச் சாமான் வைக்கக் கூடாது. அதன் ஃபில்டர் நம் ஊர்த் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குவாரி லாரி போகிற சாலையில் தினமும் ஓடும் கார், வீட்டில் நாய் வளர்ப்பவர்களின் கார் என்றால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். மூடியின் கிளிப்பை நெம்பிக் கழற்றி, ஃபில்டரை வெளியே எடுத்து, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் போதும். ஃபில்டர் உள்ளே இருக்கும்போதே ஏர் கம்ப்ரஸரால் ஊதினால் தூசி நேராக ஃபேனுக்குள் போய்விடும். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபேன் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டால், அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி சின்ன பேட்டரி. இன்ஜினைச் சுற்றிவிடுவது பெரிய பேட்டரியும் மோட்டாரும்தான். 12 வோல்ட் பேட்டரி கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே சுவிட்சை இயக்குகிறது. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் அசையாது. காரை நிறுத்திவிட்டு மூன்று வாரம் வெளியூர் போகிறவர்கள், பார்க்கிங் மோடில் டேஷ்கேம் வைத்திருப்பவர்கள், காருக்குப் பக்கத்திலேயே ஸ்மார்ட் கீயைத் தொங்கவிடுகிறவர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே போக விடாதீர்கள். வாரம் ஒருமுறை ‘ரெடி’ விளக்கு எரியும்படி ஆன் செய்து, கியரை பார்க்கிங் ‘P’யில் வைத்து, திறந்த இடத்தில் முக்கால் மணி நேரம் விடுங்கள். வெறும் அக்சஸரி மோடில் விட்டால் சார்ஜ் ஏறாது, இருப்பதும் இறங்கும்.

இறங்கியே போய்விட்டால், கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் போதும். இன்ஜினைச் சுற்ற வேண்டிய கரன்ட் இதற்குத் தேவையில்லை. பிளஸ்ஸைக் கையேடு சொல்லும் முனையிலும், மைனஸை பெயின்ட் இல்லாத உலோகத்திலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் ஃபியூஸோடு நிற்காது, மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வரை போகும். ஹைப்ரிட் காரிலிருந்து மற்ற வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவும் கூடாது.

பிரேக் பற்றித்தான் அதிகக் குழப்பம். பெடலை மிதித்தால் முதலில் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. மீதியை மட்டும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் செய்கிறது. ஏறக்குறைய 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வந்ததும் முழு வேலையும் பேடுக்கு மாறும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் கடைசி ஓரடியில் பெடல் வேறுமாதிரி உணர்வது அதனால்தான். குழியிலோ வேகத்தடையிலோ லேசாகப் பிரேக் பிடித்தபடி ஏறும்போது ஒரு கணம் வண்டி முன்னால் நழுவுவது போலிருக்கும். சக்கரம் பிடிப்பை இழந்ததும் மோட்டாரின் இழுப்பை விட்டுவிட்டு பிரேக் ஆயில் அழுத்தத்துக்கு மாறும் இடைவெளி அது. இதே உணர்வுக்காக 2010-ல் டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். காலை எடுக்காமல் இன்னும் அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்கும்.

ஏலகிரி இறக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் சுமார் 700 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 2.8 யூனிட்டுக்கு மேல். பேட்டரியோ 0.76 யூனிட், அதிலும் பாதியளவே பயன்பாட்டுக்கு. உராய்வில் போவதைக் கழித்தாலும், 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டும் முன்பே பேட்டரி நிரம்பிவிடும். அதன்பின் வழக்கமான டிரைவ் ‘D’யிலேயே இறங்கினால் பெரும்பாலான பாரம் பேடின் மேல் விழும், டிஸ்க் சூடேறும். ஆகவே உச்சியிலிருந்தே கியரின் ‘B’ பிரேக் மோடில் இறங்குங்கள். பாதி வழியில் இன்ஜின் திடீரென உறுமும். பெட்ரோல் செலவாகிறது என்று பதறாதீர்கள். மிஞ்சிய ஆற்றலைச் செலவழிக்கத்தான் மோட்டார் இன்ஜினைச் சும்மா சுற்றுகிறது.

பேட் தேய்வது குறைவு என்பது உண்மை. அதனால் சக்கரத்தைக் கழற்றியே பார்க்காமல் விடுவதுதான் வினை. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் அசையாமல் இறுகி, உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிதாகவே இருக்கும். வருடம் ஒருமுறை, முடிந்தால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், நான்கு சக்கரத்தையும் கழற்றி பின்களைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்துவிடும். உள், வெளி பேடுகளுக்குள் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் இறுகியிருக்கிறது. டிஸ்க்கில் லேசான துரு தெரிந்தால், முன்னும் பின்னும் வண்டியில்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் மோட்டார் உதவாது, பேடே டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

பேட் மாற்றுகிற மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பல மாடல்களில் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் ‘ர்ர்’ என்று ஓடி அழுத்தத்தை ஏற்றும். காலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், கை மாட்டினால் நசுங்கும். சாவியைத் தூரமாக வைத்து, சில நிமிடம் காத்திருந்து, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்போதும் அப்படியே: பெடலை மிதித்து நிப்பிளைத் திறந்து ஏர் எடுக்கிற பழைய முறை இங்கே முழுமையாகாது. வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேன் டூல் தேவை. அது இல்லாத பட்டறையில் பேட் வரைக்கும் செய்துகொள்ளலாம், ஆயில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட் பார்க்கப் போகிறவர்கள் சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஓட்டும்போது சார்ஜ் கோடுகள் சில நிமிடத்துக்குள் மேலும் கீழும் தாவினால், ஒரு பகுதி செல்கள் தளர்ந்திருக்கலாம். பிறகு ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே தூசி கம்பளி போலப் படிந்திருந்தால், பேட்டரி எத்தனை கோடையை மூச்சுத் திணறிக் கடந்திருக்கும் என்பதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.