வீட்டு முற்றம் கழுவ பிரஷர் வாஷர்: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

எங்க ஊர் நாகர்கோவில் பக்கம், ரெண்டு மழையும் பெய்யுற இடம். ஜூன்ல ஆரம்பிக்கிற மழை கொஞ்சம் ஓய்ஞ்ச மாதிரி இருந்துட்டு அக்டோபர்ல திரும்ப வந்து டிசம்பர் வரைக்கும் ஊத்தும், அதனால முற்றத்துல போட்ட இன்டர்லாக் கல்லு வருஷத்துல பாதி நாள் பச்சையாத்தான் கிடக்கும். போன வருஷம் அம்மா காலைல பால் எடுக்க கேட் வரைக்கும் போனவங்க அந்தப் பாசியில வழுக்கி உக்காந்துட்டாங்க. நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகல, மணிக்கட்டு வீங்கி பத்து நாள் கட்டோட இருந்தாங்க. அதுவரைக்கும் பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் போதும்னு இருந்த நான் அன்னைக்கு ராத்திரியே மெஷின் பாக்க ஆரம்பிச்சேன்.

அதுக்கப்புறம் நாலு விதமா கழுவிப் பாத்தாச்சு. வாட்டர் சர்வீஸ் கடைகள்ல இருக்குற பெல்ட் போட்ட எச்டிபி பம்ப வாடகைக்கு எடுத்தோம், பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட பேட்டரி கன் வாங்கிப் பாத்தேன், நான் சொந்தமா வாங்கினது 110 பார் அழுத்தம் உள்ள சின்ன மெஷின், அக்கா வீட்ல அத்தான் வச்சிருக்கிறது 130 பார் இன்டக்‌ஷன் மோட்டார் மெஷின். இந்த நாலையும் கையில பிடிச்சுப் பாத்ததுக்கு அப்புறம் நான் சொல்றது இதுதான்: எத்தனை பார்னு கேக்குறதுக்கு முன்னாடி நீங்க கழுவப் போறது பாசியா சேறானு முடிவு பண்ணுங்க. ரெண்டுக்கும் வேற வேற மெஷின் வேணும்.

ஏன்னா பாசி கல்லோட துவாரத்துக்குள்ள வேர் விட்ட மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கும், அதைப் பிச்சு எடுக்க அழுத்தம் வேணும், தண்ணி கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல. சேறு, மண்ணு, காஞ்ச இலை இதெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்காது, அதைத் தள்ளிக்கிட்டுப் போக தண்ணி நிறைய வேணும், அழுத்தம் அவ்வளவு தேவையில்ல. பார்ங்கிறது அழுத்தம், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்ங்கிறது தண்ணி ஓட்டம். ரெண்டையும் பெருக்கி 600ஆல வகுத்தா அந்தத் தண்ணியில எத்தனை கிலோவாட் சக்தி இருக்குனு வந்துரும்.

இந்தக் கணக்க ஒரு தடவை போட்டுப் பாருங்க, கடையில யாரும் உங்கள ஏமாத்த முடியாது. கார்ச்சர் கம்பெனியோட கே2 மெஷின எடுத்துக்கோங்க, 1400 வாட், அதிகபட்சம் 110 பார், மணிக்கு 360 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 6 லிட்டர். 110ஐ 6ஆல பெருக்கி 600ஆல வகுத்தா 1.1 கிலோவாட் வருது, 1400 வாட் மோட்டாருக்கு சரியாத்தான் இருக்கு. இப்ப ஆன்லைன்ல ஒரு பேர் தெரியாத மெஷின் 1400 வாட், 200 பார், நிமிஷத்துக்கு 8 லிட்டர்னு போட்டிருந்தா 2.6 கிலோவாட்டுக்கு மேல போகுது. கரண்ட்ல இருந்து எடுக்குறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி தண்ணில எப்படி வரும்? அந்தப் பக்கத்த அப்படியே மூடிருங்க. சில பேர் பிஎஸ்ஐல போட்டு நம்பர பெருசாக் காட்டுவாங்க, 1 பார் கிட்டத்தட்ட 14.5 பிஎஸ்ஐ, அதனால 1600 பிஎஸ்ஐனு பாத்து மலைக்க வேண்டாம், அது நம்ம 110 பார்தான்.

வாடகைக்கு எடுத்த எச்டிபி பம்புல இருந்து ஆரம்பிக்கிறேன். மூணு பிஸ்டன், தனியா ரெண்டு எச்பி மோட்டார், நடுவுல பெல்ட்டு, தோட்டத்துக்கு மருந்தடிக்கவும் வண்டி கழுவவும் வச்சிருப்பாங்களே அதேதான். 30 கிலோ பக்கம் அழுத்தம் (கிட்டத்தட்ட 30 பார்), நிமிஷத்துக்கு இருபது லிட்டர் வரைக்கும் தள்ளும், கணக்குப் போட்டா அதுவும் 1 கிலோவாட்தான், அதாவது கே2 அளவு சக்திதான், ஆனா அத்தனையும் தண்ணியா வருது. மழைக்கு அப்புறம் எங்க வீட்டு முன்னாடி செம்மண் இறங்கி ரெண்டு இஞ்ச் படிஞ்சு கிடந்துச்சு, பத்து நிமிஷத்துல ரோட்டோரம் வரைக்கும் தள்ளிட்டுப் போயிருச்சு, கூடவே வண்டி மட்கார்டுக்கு அடியில இருந்த சேறும் போச்சு. ஆனா கல்லுல இருந்த பாசி? மேல இருந்த வழவழப்பு மட்டும் போச்சு, பச்சை அப்படியே நின்னுச்சு. அதுக்குள்ள 500 லிட்டர் சின்டெக்ஸ் காலி. வீட்ல மாடு இருக்கு, டிராக்டர் இருக்கு, ரெண்டு மூணு கார் இருக்குனா எச்டிபி மாதிரி உழைக்கிறது வேற இல்ல, ஆயிலும் கிரீஸும் ஒழுங்காப் போட்டா வருஷக்கணக்கா ஓடும், எந்த ஊர் மோட்டார் கடையிலயும் வாஷர், வால்வு கிடைக்கும். முற்றத்துப் பாசிக்காக மட்டும்னா வேண்டாம்.

பேட்டரி கன் பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணும் இல்ல. நல்ல கம்பெனி மாடல்களே 22, 24 பார்தான், தண்ணியும் நிமிஷத்துக்கு ரெண்டு மூணு லிட்டர்தான். பைக் தூசி, கொசுவலை, ஜன்னல் கிரில், பால்கனி கண்ணாடி இதுக்கெல்லாம் அருமையா இருக்கு, பக்கெட்டுல டியூப போட்டு எடுத்துக்கலாம், அபார்ட்மென்ட்ல இருக்கவங்களுக்கு இதுதான் வசதி. பாசி மேல அடிச்சா நனையும், அவ்வளவுதான்.

அடுத்து சின்ன மெஷினும் பெரிய மெஷினும், உண்மையான போட்டி இங்கதான். கே2வும், போஷ்ல யுனிவர்சல் அக்வாடாக் 125ம் ஒரே ரகம், போஷ் 1500 வாட், 125 பார், தண்ணி அதே 360 லிட்டர். கையில பிடிச்சா பாசி விஷயத்துல பெரிய வித்தியாசம் தெரியாது, டியூப் எத்தனை மீட்டர், கூட என்னென்ன நாசில் தர்றாங்க, உங்க ஊர்ல யாருக்கு சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்குனு பாத்து எடுங்க. இந்த ரகத்துல எல்லாம் உள்ள இருக்கிறது மிக்சில இருக்கிற மாதிரி கார்பன் பிரஷ் வச்ச யுனிவர்சல் மோட்டார். எடை கம்மி, விலை கம்மி, சத்தம் ஜாஸ்தி, ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டினா சூடாயிரும். நான் இருபது நிமிஷம் அடிச்சா பத்து நிமிஷம் ஓய்வு விடுவேன், அந்த நேரத்துல கிளம்பின பாசிய பெருக்கிக் குமிச்சிருவேன்.

அத்தான் வச்சிருக்கிற மாதிரி கார்ச்சர் கே4 ரகம் வேற. 1800 வாட், 130 பார், மணிக்கு 420 லிட்டர், மோட்டார் இன்டக்‌ஷன், உள்ள போற தண்ணியே மோட்டாரக் குளிர வைக்கும். கார்பன் பிரஷ்ஷே கிடையாது, அதனால தேயறதுக்கு ஒரு சாமான் கம்மி, சத்தமும் கம்மி, அத்தான் ஞாயித்துக்கிழமை காலைல ஓட்டும்போது பக்கத்துல நின்னு சாதாரணமாப் பேசலாம். ஆனா பதினோரு பன்னெண்டு கிலோ, மாடிக்குத் தூக்கிட்டுப் போறது கஷ்டம், விலையும் சின்னதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அத்தான் வீட்ல கேட்ல இருந்து போர்டிகோ வரைக்கும் அறுபது அடி நீளம், அவருக்கு அது நியாயம். எனக்கு முற்றம் முந்நூறு சதுர அடி, வருஷத்துல நாலு தடவை கழுவுறேன், எனக்கு அது தேவையே இல்ல.

பார் 110ஆ 130ஆங்கிறத விட பெரிய வித்தியாசம் பண்றது நாசில்தான். விசிறி மாதிரி விரியுற நாசில்ல ஒரு கல்லுக்கு நாலஞ்சு தடவை போகணும், சுத்திக்கிட்டே அடிக்கிற டர்போ நாசில் போட்டா ஒரே இழுப்புல கல்லோட பழைய சாம்பல் நிறம் கோடு போட்ட மாதிரி வெளிய வரும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் புதுக்கல்லு, அதப் பாக்கவே மனசுக்கு அவ்வளவு நிறைவா இருக்கும். தட்டு மாதிரி மூடியோட வர்ற சர்ஃபேஸ் கிளீனர் இன்னும் நல்லது, கார்ச்சர்ல டி-ரேசர்னு விக்கிறாங்க, சேறு சுவர்ல தெறிக்காது, கோடும் விழாது. பெரிய மெஷினுக்குப் போற காசுல சின்ன மெஷினையும் இதையும் சேத்து வாங்குங்கனுதான் நான் சொல்லுவேன்.

நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லிடறேன், இது எனக்கு நல்லா வலிச்சது. முற்றம் பளிச்சுனு ஆன சந்தோஷத்துல மெஷின மாடிக்குத் தூக்கிட்டுப் போயி தட்டோடு மேலயும் டர்போ நாசில்ல அடிச்சேன். ஓடு நல்லா சிவப்பாத்தான் வந்துச்சு, ஆனா ஓட்டுக்கு ஓடு நடுவுல பூசியிருந்த பாயின்டிங் துகள் துகளாக் கிளம்பிப் போனத நான் கவனிக்கல, அந்தத் துகளப் பாசினு நினைச்சுக் கூட்டித் தள்ளிட்டேன். அடுத்த மழைக்கு ஹால் சீலிங்ல ஒரு ஈரவட்டம். கொத்தனார் வந்து பாத்துட்டு, தண்ணி இறங்கினது அந்த இடுக்குலதான்னு விரல வச்சுக் காட்டினார், மறுபடி இடுக்கு பூசி அதுமேல வாட்டர் ப்ரூஃபிங் அடிக்க மெஷின் விலைய விட கூட ஆச்சு. அதனால மாடி தட்டோட்டுக்கு எந்த மெஷினும் வேண்டாம். பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்தி அரை மணி நேரம் விட்டு நைலான் பிரஷ்ல தேச்சாலே போதும். அதுகூட ஆசிட்ட மட்டும் சேத்துறாதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

இன்டர்லாக்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, கல்லுக்கு நடுவுல உள்ள மணல் அழுத்தத்துல வெளிய பறக்கும். நேரா அடிக்காம சாய்ச்சு அடிங்க, காஞ்சதும் பாறைப்பொடிய தூவி துடைப்பத்தால இடுக்குல இறக்கிருங்க, இல்லாட்டி கல்லு ஆட ஆரம்பிக்கும். காம்பவுண்ட் சுவர்ல பெயின்ட் பழசா இருந்தா மூலையில ஒரு சாண் இடத்துல அடிச்சுப் பாத்துட்டுப் போங்க. ஏசி அவுட்டோர் யூனிட் பக்கம் போகவே போகாதீங்க, அந்த மெல்லிசு தகடு மடங்கிரும். பைக்ல செயின், வீல் பேரிங், மீட்டர் இதுக்குக் கிட்ட வேண்டாம், ஓரடி தள்ளி நில்லுங்க.

தண்ணி கனெக்‌ஷன் விஷயத்த கடையில யாரும் சொல்ல மாட்டாங்க, மெஷின் சீக்கிரம் போறதுக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற அழுத்தம் ரொம்பக் கம்மி, பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்தான், ஒரு மாடி வீட்டுக்கு அரை பார் சொச்சம் வரும். பைப்ல உப்பு படிஞ்சிருந்தா ஓட்டமும் குறையும், அப்ப பம்பு காத்த இழுக்கும், அதிரும், சீல் போயிரும். வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் குழாயில பத்து லிட்டர் பக்கெட்ட வச்சு நேரம் பாருங்க, ஒரு நிமிஷம் இருபது செகண்டுக்குள்ள நிறைஞ்சா சின்ன மெஷினுக்குத் தாராளம், ரெண்டு நிமிஷம் ஆச்சுனா எந்த மெஷினையும் அதுல மாட்டாதீங்க, டிரம்ல பிடிச்சு வச்சு உறிஞ்சுற பைப் போடுங்க. இன்னொண்ணு, வீட்டு மெஷின்ல உள்ள போற தண்ணி 40 டிகிரிக்கு மேல இருக்கக் கூடாது, மே மாசம் மத்தியானம் கருப்பு டேங்க்ல தண்ணி தொட முடியாம கொதிக்குமே, அந்த நேரத்துல கழுவாதீங்க, காலைலயே முடிச்சிருங்க. போர் தண்ணியா இருந்தா இன்லெட்ல பில்டர் கண்டிப்பா வேணும், நாசில் ஓட்டையில உப்பு கட்டும், மெல்லிசு ஊசியால குத்தி எடுக்கணும்.

கரண்ட்டப் பொறுத்தவரைக்கும் 1400 வாட் ஆறு ஆம்பியர இழுக்கும், 1800 வாட் எட்டு ஆம்பியர் கிட்ட, அதனால 15 ஆம்பியர் பாயின்ட்லதான் போடணும், டிவிக்கு வச்சிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா வயர் சூடாகி உருகும். ஈரத்துல நின்னு வேலை பாக்குறோம், வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருக்கானு எலக்ட்ரீஷியன வச்சுப் பாத்துட்டு மெஷின ஆன் பண்ணுங்க. செருப்போட நிக்காதீங்க, ஷூ போடுங்க, அந்த ஜெட் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும், வெளிய சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. குழந்தைங்க கன்ன கேட்டு அழுதாலும் குடுக்காதீங்க.

வேலை முடிஞ்சதும் முதல்ல மெஷின ஆஃப் பண்ணி, குழாய மூடி, அப்புறம் கன்ன ஒரு தடவை அமுக்கி உள்ள நிக்கிற அழுத்தத்த விட்டுருங்க, அதுக்கப்புறம் டியூப கழட்டுங்க. கன்ன விட்டதும் மோட்டார் தானா நிக்கிற மெஷின்ல, கன்ன தொடாமலே விட்டு விட்டு மோட்டார் துடிச்சுச்சுனா எங்கயோ ஓரிங் (ரப்பர் வளையம்) கசியுதுனு அர்த்தம். ஓரிங் சின்னக் காசுதான், அன்னைக்கே மாத்திருங்க, தள்ளிப் போட்டா மோட்டார் நூறு தடவை நின்னு நின்னு ஓடி கார்பன் பிரஷ் தேஞ்சுரும்.