ஆட்குறைப்புக்குப் பின்: பிறருக்கு எடிட்டிங்கா, சொந்த யூடியூப் சேனலா?

வேலை போனதும் வீடியோவை நம்பி இறங்குபவர்கள் முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான் நிற்கும்.

பிறருக்கு எடிட் செய்தால் முதல் மாதமே பணம் பார்க்கலாம். சிக்கல் வசூலில்தான். பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். இலவசத் திருத்தம் இரண்டு முறைதான் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் பெறுங்கள். மீதி வரும்வரை வாட்டர்மார்க் (படத்தின் மேல் பதியும் அடையாளம்) போட்ட பிரதி மட்டுமே போகட்டும். ("ஒரு சின்ன மாற்றம்" என்று வருவது எதுவும் சின்னதாக இருக்காது.) தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

சேனல் உங்களுடையது, ஆனால் மெதுவாகத்தான் நகரும். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் அது 60,000 பார்வைகள். ஷார்ட்ஸ் (குறுவீடியோ) வழியென்றால், அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாட்களில் 1 கோடி பார்வைகள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம். தகுதி பெற்ற பிறகும் கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது.

ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர் எடிட்டிங்கில் தொடங்கட்டும். சேனலுக்கு வாரம் ஒரு நாள் போதும். எந்த வழியானாலும், அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதற்குள் சொந்தப் பாலிசி எடுத்துவிடுங்கள்.