பண்டல் கடைப் பையும் குஷன் கடை அண்ணனும்: ஜார்ஜியாவில் 17 நாள்

முதலில் விலை. பயணத்துக்கு வாங்கிய பழைய முதுகுப் பை 65 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தையல் கூலி 40 வெள்ளி, ஆக மொத்தம் 105. ஈப்போ பேரங்காடியில் இதே அளவுப் புதுப் பையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விற்பனைப் பெண் கவனிப்பதற்குள் மெதுவாகக் கொக்கியில் மாட்டிவிட்டு நகர்ந்தவள் நான். ஆகவே இந்த மதிப்பீடு என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

பையை வாங்கியது சுங்கை சிப்புட்டில், பாசார் பக்கமுள்ள ஒரு பண்டல் கடையில். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழைய சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. கரும்பச்சை நிறம், 50 லிட்டர் கொள்ளளவு, முதுகோடு ஒட்டி நிற்க இரண்டு அலுமினியப் பட்டைகள், உள்மூடியில் யாரோ ஒருவருடைய பெயர் ஜப்பானிய எழுத்தில். செம்பனை ஆலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் 26 வருடமாகக் கிராணி வேலை பார்க்கிறேன். எடை தெரியாத பொருளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. எடைமேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்பதால், உதிரிப்பழ மூட்டை நிறுக்கும் தொங்குதராசில் பையை மாட்டிப் பார்த்தேன். வெறும் பை 1.9 கிலோ. தூக்கலாம்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வகைப் பைகளின் உட்புறத்தில் தண்ணீர் புகாமலிருக்க பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் வருடக்கணக்கில் மடிந்து கிடந்தால் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்கும். கைக்குழந்தை பால் கக்கியது போன்ற ஒரு நாற்றமும் கிளம்பும். என் பையிலும் அதே கதை. சோடா மாவு கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். நாற்றம் போனது, பூச்சும் போனது. இனி மழை பெய்தால் பைக்குள்ளும் பெய்யும். பண்டல் கடையில் பை வாங்குகிறவர்கள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மூக்கையும் விடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது குஷன் கடை. நான் எழுத நினைத்ததே இதைப் பற்றித்தான். பட்டறை வரிசையின் கடைசிக் கதவு, பெயர்ப்பலகை கிடையாது. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு உறை மாற்றுவதும் லாரிக் கித்தான் தைப்பதும் அண்ணனுடைய தொழில். பையைக் கையில் வாங்கியவர் அழகைப் பார்க்கவில்லை. தோள்வாரைப் பிடித்து, ஆட்டின் காதைப் பிடித்து இழுப்பதுபோல் ஓர் இழுப்பு இழுத்தார். நூல் பட்பட்டென்று விட்டது.

“பை நல்ல பைதான் தங்கச்சி. நூல்தான் செத்துவிட்டது. எத்தனை கிலோ தூக்கப் போகிறாய்?”

“ஒன்பது, பத்து.”

“எங்கே?”

ஜார்ஜியா என்றேன். அமெரிக்காவிலா என்று கேட்டார். ஊரில் எல்லோரும் அதையே கேட்டார்கள். இல்லை அண்ணே, ரஷ்யாவுக்குத் தெற்கே, துருக்கிக்குப் பக்கத்தில், மலை நாடு என்றேன். தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். வார் உடலோடு சேரும் இடங்களில் எல்லாம் தடித்த நைலான் நூலால் பெட்டி போட்டு, நடுவில் பெருக்கல் குறி தைத்தார். தோள்பட்டையில் செத்துப்போன பஞ்சை எடுத்துவிட்டு மோட்டார் இருக்கைக்கு வைக்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் சொருகினார். மிச்சம் கிடந்த லாரிக் கித்தானில் ஒரு மழையுறை. கடைசியில் இடுப்புவாரின் பிளாஸ்டிக் பூட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இதை நான் நம்பவில்லை. மாற்றட்டுமா? எட்டு வெள்ளி.”

வேண்டாம் என்றேன். எட்டு வெள்ளி எட்டு வெள்ளிதானே. அவர் வற்புறுத்தவில்லை. பழைய மோட்டார் டியூபிலிருந்து இரண்டு வார் நறுக்கிப் பையின் பக்கவாட்டு ஜேபியில் திணித்துவிட்டு, “இதற்குக் காசில்லை” என்றார்.

ஏன் ஜார்ஜியா என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் பழைய குடியிருப்பு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில், ஏறக்குறைய 8,000 வருடத்துக்கு முந்தைய திராட்சை ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒயின் மேல் ஆசை வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. சம்பளத்தன்று சாயங்காலம் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் அம்மாவோடு நின்று, அப்பாவின் சட்டைப்பையில் மிச்சம் ஏதாவது வெளியே வருமா என்று காத்திருந்த பிள்ளை நான். கள்ளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. ஒரு தலைமுறைக் குடியில் எங்கள் லயத்தில் எத்தனை வீடு சாய்ந்தது என்று எனக்கு எண்ணத் தெரியும். 8,000 வருடமாகக் குடிக்கிற நாட்டில் வீடுகள் எப்படி நிற்கின்றன? போய்ப் பார்த்துவிடுவோம் என்று செப்டம்பர் கடைசியில், திராட்சை அறுவடை நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. சுங்கை சிப்புட்டில் ரயிலேறி, கோலாலம்பூர் போய், துபாயில் விமானம் மாறி, திபிலிசி. விமான நிலையத் தராசில் பை 9.4 கிலோ காட்டியது. என் தொங்குதராசும் அதையேதான் சொல்லியிருந்தது.

திபிலிசியின் மேட்டில் ஓர் அம்மன் நிற்கிறாள். அவர்கள் அப்படிச் சொல்வதில்லை, ஜார்ஜியத் தாய் என்கிறார்கள், 1958இல் நிறுத்திய சிலை. வலக்கையில் பகைவனுக்கு வாள், இடக்கையில் விருந்தாளிக்கு ஒயின் கிண்ணம். வாளும் கபாலமுமாகக் காளியைப் பார்த்து வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் திதுபே பேருந்து நிலையத்தில், வடக்கே மலைக்குப் போகும் மர்ஷ்ருட்காவைத் தேடிக்கொண்டிருந்தபோது பூட்டு உடைந்தது. மர்ஷ்ருட்கா என்பது அங்கே ஊருக்கு ஊர் ஓடும் வேன். இடுப்பில் டப் என்று ஒரு சத்தம், ஒன்பது கிலோவும் தோளுக்கு வந்துவிட்டது. சுமைப் பையின் சூட்சுமமே அந்த இடுப்புவார்தான். எடையில் பெரும்பங்கை அது இடுப்பெலும்பில் இறக்கிவிடும், தோளுக்கு மிச்சம்தான் வரும். அது போய்விட்டால் பை வெறும் சாக்குமூட்டை. பக்கவாட்டு ஜேபியில் கைவிட்டேன். டியூப் வார். எங்கள் ஊரில் மோட்டாருக்குப் பின்னால் அரிசி மூட்டையிலிருந்து எரிவாயுத் தோம்பு வரை கட்டுவது இதைக் கொண்டுதான். இடுப்புவாரின் இரண்டு முனைகளையும் அதனோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன், இறுகியது. பிளாஸ்டிக் பூட்டைவிட நன்றாகவே இறுகியது, ஏனென்றால் மூச்சிழுக்கும்போது ரப்பர் கூடவே விரிந்து கொடுக்கும்.

அந்த வேன் சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள கணவாயைத் தாண்டிப் போகிறது. வழியெல்லாம் ரஷ்ய எல்லைக்குப் போகும் கன லாரிகள். எத்தனை டன் ஏற்றியிருப்பான் என்று நான் மனத்துக்குள் நிறுத்துக்கொண்டே போனேன், மற்றவர்கள் மலையைப் படமெடுத்தார்கள். ஸ்டெபாண்ட்ஸ்மிண்டா ஊரிலிருந்து கெர்கெட்டி கிறிஸ்தவக் கோயில் வரை கிட்டத்தட்ட 430 மீட்டர் ஏற்றம். கோயில் நிற்கும் இடம் 2,170 மீட்டர். பாதி வழியில் மழை பிடித்தது. லாரிக் கித்தான் உறைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் நனைந்த கித்தான் கனத்தது, காற்றில் படபடத்து முதுகில் அறைந்தது. குறை என்றால் இதைச் சொல்லலாம். ஸ்பாஞ்சு வைத்த தோள்பட்டையும் ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துக்கொண்டு மறுநாள் வரை காயவில்லை.

மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே கக்கெத்தி. ஒயின் நாடு என்றால் அதுதான். தெலாவி பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே ஐந்து நாள் தங்கினேன். வீட்டின் மகளுக்கு ஆங்கிலம் தெரியும். அவள் தன் தகப்பனை “மாமா” என்று கூப்பிட்டாள். முதல் நாள் முழுக்க அவரை அவளுடைய தாய்மாமன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பாவாம், அம்மாவுக்கு தெதா. இதைச் சொன்னதும் நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

வீட்டின் பின்கட்டில் மரானி, ஒயின் வைக்கும் அறை. உள்ளே நுழைந்தால் பீப்பாய் எதுவும் இல்லை, தரைதான் இருக்கிறது. தரையில் வட்ட வட்டமாக வாய்கள். முட்டை வடிவத்தில் வனைந்து சுட்டு, உள்ளே தேன்மெழுகு தடவிய பெரிய மண்சாடிகளைக் கழுத்தளவு புதைத்திருக்கிறார்கள். க்வெவ்ரி என்று பெயர். திராட்சையை மிதித்துச் சாறு, தோல், விதை எல்லாவற்றையும் ஒன்றாக அதற்குள் ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. பழத்தோலில் இருக்கிற நுண்ணுயிரே நுரைக்க வைத்துவிடுகிறது. பிறகு மூடி முத்திரை வைத்தால் ஐந்தாறு மாதம் மண் அதைக் குளிர்ச்சியாகப் பார்த்துக்கொள்ளும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாடியைக் கழுவ ஆளே உள்ளே இறங்க வேண்டும் என்று மாமா கை காட்டினார். அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு, இறங்குவது யார் என்று நான் கேட்கவில்லை.

அறுவடையின்போது எனக்கு வேலைக்கு வந்த மாதிரிதான் இருந்தது. சோவியத் காலத்து லாரிகளில் திராட்சை குவித்துக்கொண்டு ஒயின் ஆலை வாசலில் வரிசை. எடைமேடை! நம் செம்பனைக் குலையும் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். திராட்சையும் காத்திருக்காது. விலையைப் பற்றி ஓட்டுநர்கள் முனகிய முனகலுக்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 2006இல் ரஷ்யா இவர்களுடைய ஒயினுக்குத் தடை போட்டு, 2013இல்தான் நீக்கியது. ஒரே வியாபாரியை நம்பி ரப்பர் மரம் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஏழு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

சாப்பாடு பற்றி நீட்டவில்லை. மண்சட்டியில் அவரை விதைக் குழம்பு வந்தது, மேலே கொத்தமல்லி. அவர்கள் மசாலாவில் ஒரு வகை வெந்தயம் சேர்க்கிறார்கள், அந்த வாசனையில் ஒரு நிமிடம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கொண்டுபோன நெத்திலிச் சம்பலை அந்த வீட்டுப் பாட்டிதான் தீர்த்தார்.

கடைசி இரவு விருந்து. மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, தமடா. அவர் எழுந்து ஒன்றைச் சொல்லி வாழ்த்தும் வரை யாரும் கோப்பையைத் தொடுவதில்லை. விருந்தாளிக்கு, தாய்க்கு, மண்ணுக்கு, இறந்தவர்களுக்கு என்று ஒவ்வொன்றாகப் போகிறது. பாட்டி, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் அதே மேசையில். எங்கள் கள்ளுக்கடைக்குள் அம்மா ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இதுதான் என் கேள்விக்குப் பதிலா என்று கேட்டால், தெருவோரத்தில் குடித்து விழுந்து கிடந்த ஒருவரையும் அதே ஊரில் பார்த்தேன். இறந்தவர்களுக்கு என்று தமடா சொன்னபோது மட்டும் ஒரு வாய் குடித்தேன். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்தது, தேன் நிறம். தேத்தூளை அடுப்பிலேயே மறந்துவிட்டால் ஒரு துவர்ப்பு வருமே, அது. பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கோப்பையைக் கீழே வைக்கச் சிறிது நேரமானது.

மறுநாள் மாமா ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் மச்சாரி ஊற்றித் தந்தார். இன்னும் நுரைத்து முடியாத புதுச் சாறு, சப்பெராவி என்ற கருந்திராட்சை, அதன் சதையே சிவப்பு. மூடியைக் காட்டி, கையைத் திருகித் திருகி ஏதோ சொன்னார். நன்றாக இறுக்கு என்கிறார் என்று எண்ணி, பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன். அவர் சொன்னது அவ்வப்போது திறந்துவிடு என்பதை. திபிலிசிக்குத் திரும்பும் வேனில், பின்பக்கச் சூட்டில், பைக்குள் வெடித்தது. கள் இறக்கிய தாத்தாவின் பேத்தி நான். போத்தல் வாயை ஓலைச் சுருளால் மட்டும் அடைப்பார், மூடி போடவே மாட்டார். எனக்கு எங்கே போயிற்று புத்தி?

பையின் அடிப்பாகம் முழுக்க நாவற்பழக் கறை, மூன்று சலவையிலும் போகவில்லை. இரண்டு சட்டை வீண். மற்றபடி 17 நாளில் அண்ணன் போட்ட தையலில் ஒரு கண்ணிகூட விடவில்லை. ஜிப் சிக்கவில்லை. பண்டல் கடைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்தப் பூச்சுக்காக. குஷன் கடைக்கு ஐந்தும்.

ஊர் வந்ததும் பையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அடியைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

“கள்ளா?”

“திராட்சைக் கள்ளு அண்ணே.”

டியூப் வாரின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அவிழ்க்காமல் விட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்புப் பூட்டை எடுத்து வைத்தார்.

“பத்து வெள்ளி. விலை ஏறிவிட்டது.”

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாளில் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்கு மேல் லாரிக்காரர்கள் கித்தானோடு வந்து வரிசை கட்டிவிடுவார்கள்.