கடலோர வீட்டுக்குச் சின்னக் காற்றாலை: கிடையச்சா, செங்குத்தா?

கொழும்பில் வீட்டு மின்சாரம் என்றால் முதலில் சோலார்தான், அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வானம் மூடி, பனல்கள் சோர்ந்துவிடும். காற்றோ ராவிலும் வீசும். 2022 மின்வெட்டுக்குப் பிறகு பற்றரி வாங்கி வைத்த வீடுகளில் இந்தக் காற்றின் மேல் ஒரு கண் விழுவது இயல்பு. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் எங்கள் மேல்மாடியில் நாங்கள் பூட்டியது மூன்று இதழ் உள்ள கிடையச்சுக் காற்றாலை, அதாவது அச்சு தரைக்குக் கிடையாக இருக்க, மேசை விசிறி போலக் காற்றைப் பார்த்துச் சுற்றும் வகை.

விளம்பரங்களில் கண்ணைப் பறிப்பது மற்றது, பீப்பாய் வடிவில் நிமிர்ந்து நின்று சுற்றும் செங்குத்து வகை. எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும், சத்தம் குறைவு, பார்க்கவும் அழகு. சரி, கரண்ட் எவ்வளவு? 2 மீற்றர் விட்டமுள்ள கிடையச்சு 3 சதுர மீற்றருக்குச் சற்று மேல் காற்றைப் பிடிக்கும். விநாடிக்கு 5 மீற்றர் காற்றில் 70 வாட் அளவில் எதிர்பார்க்கலாம். 1 மீற்றர் உயரமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பீப்பாய் அதே காற்றில் 10 வாட்டைத் தொட்டாலே பெரிய காரியம். பெட்டியில் அச்சடித்த வாட் கணக்கு பெரும்பாலும் விநாடிக்கு 11, 12 மீற்றர் காற்றுக்கானது. காற்று பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

இதையெல்லாம் விட எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்றில் யன்னல் கொண்டியே கறள் பிடிக்கிற இடத்தில், ஓயாமல் சுற்றும் பெயரிங் என்ன பாடுபடும்? கிடையச்சை அடியில் பிணைச்சல் வைத்த கம்பத்தில் ஏற்றினால், காற்றில்லாத காலையில் பிரேக் சுவிட்சைப் போட்டு, கப்பியும் கயிறுமாக இரண்டு பேர் மெல்லச் சாய்த்துவிடலாம். இடுப்பு உயரத்தில் வைத்து உப்பைக் கழுவலாம், இதழில் வெடிப்பு இருக்கிறதா பார்க்கலாம், கிறீஸ் பூசலாம். போல்ட், நட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் அடுத்த முறையும் கழற்ற வரும். செங்குத்து வகையில் பீப்பாயின் முழுப் பாரமும் கீழ் பெயரிங்கில்தான். அதை மாற்ற வேண்டுமானால் மொத்தத்தையும் தூக்கிக் கழற்ற வேண்டும். செங்குத்து வகையை நாங்கள் சொந்தமாக வைத்திருந்ததில்லை, தெரிந்தவர் வீட்டில் கழற்றும்போது கூட நின்று பார்த்ததுதான். கிடையச்சின் இதழ்கள் பல வருடத்தில் எப்படித் தேயும் என்று சொல்லவும் எங்கள் அனுபவம் போதாது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: பற்றரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரில் காற்றாலையைக் கொழுவாதீர்கள். பற்றரி நிரம்பியதும் பனலைத் துண்டித்துவிடலாம். காற்றாலையைத் துண்டித்தால் மின் சுமை இல்லாமல் தறிகெட்டுச் சுற்றும். மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக மாற்றித் தீர்க்க, ஹீற்றர் போல ஒரு தனிச் சுமை வேண்டும்.

கட்டடங்கள் நாலு பக்கமும் மறைக்கிற தெரு என்றால் இரண்டுமே வேண்டாம். சுற்றுவட்டம் 150 மீற்றருக்குள் இருக்கும் எதையும் விட இதழின் கீழ் நுனி 9 மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்களுக்கே கடல் பக்கம் மட்டும்தான் அது சரிவருகிறது, நல்லவேளையாகச் சோளகம் வருவதும் அந்தப் பக்கம்தான். கம்பத்தின் அடியில் தடித்த ரப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் இரவில் கொங்கிறீற் முழுக்க முனகும். படுக்கையறை நேர் கீழே இருந்து, விளக்கொன்று எரிந்தாலே போதும் என்பவர்களுக்குச் செங்குத்து பொருந்தலாம். வாங்குமுன் அதன் பெயரிங் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அது கிடைக்கிறதா என்று ஒருதரம் விசாரித்துவிடுங்கள்.