அளவு நோட்டா, வாட்ஸ்அப்பா, கூகுள் ஷீட்டா: தையல் கடைக்கு எது பாதுகாப்பு?

பெண்கள் தையல் கடையில் சேரும் விவரம் வேறு கடைகளில் சேர்வதைப் போன்றதல்ல. பெயர், போன் நம்பர், மார்புச் சுற்றளவு, இடுப்பு, கழுத்து ஆழம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். நம்பர் மட்டும் வெளியே போனால் விளம்பர அழைப்புகள் வரும், அவ்வளவுதான். நம்பரும் அளவும் சேர்ந்து போனால் அந்தப் பெண் மறுபடி கடைப்பக்கம் வரமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார். அதனால் எந்த முறையாக இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது, பெயரையும் அளவையும் பிரித்து வைக்க அது இடம் கொடுக்கிறதா என்பதைத்தான்.

அளவு நோட்டு

பழைய முறை என்று ஒதுக்கவேண்டாம். இந்தப் பிரிப்பை நோட்டில் செய்வதுதான் மிகச் சுலபம். ஒரு நோட்டில் வரிசை எண், பெயர், போன். இன்னொரு நோட்டில் அதே வரிசை எண்ணும் அளவும் மட்டும். முதல் நோட்டு கல்லாப்பெட்டிக்குள், இரண்டாவது கட்டிங் மேசையில். வெட்டுபவருக்கு 312 என்ற எண் போதும், 312 யார் என்று தெரியவேண்டியதில்லை. துணியில் குத்தும் சீட்டிலும் எண் மட்டுமே.

பெரும்பாலான கடைகளில் நடப்பது வேறு. ஒரே நோட்டு கவுண்டரில் விரிந்து கிடக்கும், அடுத்து வருபவர் தலைகீழாகவே படித்துவிடுவார். நிரம்பிய நோட்டு எடைக்குப் போகும், பிறகு பஜ்ஜி மடிக்கும். பக்கங்களைக் கிழித்து நனைத்துக் கூழாக்கிவிட்டு அட்டையை மட்டும் எடைக்குப் போடுங்கள். தீயோ மழையோ வந்தால் நோட்டுக்கு நகல் கிடையாது என்பதும் உண்மை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தோடு நிற்கும் விவரத்தைத் தொடுவதில்லை. அதை டிஜிட்டலாக மாற்றிவிட்டால் தொடும். பாதுகாப்புக்காக நோட்டைப் போனில் படம் எடுத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வாட்ஸ்அப்

வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை, ஓட்டையிலும்தான். டிசைன் படத்தோடு வாடிக்கையாளர் தன் படத்தையும் அனுப்புவார். அது கேலரியில் இறங்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறும், வீட்டில் பிள்ளைகள் கையில் இருக்கும் டேப்லெட்டிலும் தெரியும். செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குப் போய் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால் இந்த வழி அடைபடும்.

அடுத்தது பேக்கப். செய்திகள் போய்வரும்போது பூட்டப்பட்டிருந்தாலும் கூகுள் கணக்கில் சேரும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக வராது. சாட் பேக்கப் பகுதியில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்பை நாம்தான் இயக்கவேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் போனதுதான், எழுதிப் பூட்டி வையுங்கள். வேறு போனில் உங்கள் நம்பரைப் பதிவு செய்யும்போது கேட்கும் ஆறு இலக்க டூ-ஸ்டெப் பின்னையும் அப்போதே போட்டுவிடலாம். வேலையை விட்டுப்போனவரின் கணினி லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள்.

பெரிய தவறு இரண்டு. ஒன்று, தீபாவளித் தள்ளுபடிக்காக வாடிக்கையாளர்களை ஒரே குரூப்பில் சேர்ப்பது: ஒவ்வொருவர் நம்பரும் மற்ற அனைவருக்கும் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். அதுவும் 'துணி தயார்' என்று சொல்ல வாங்கிய நம்பருக்கு விளம்பரம் அனுப்ப, தனியாகச் சம்மதம் கேட்டபிறகே. இரண்டு, 'கௌரி மேடம் பிளவுஸ்' என்று பெயரும் அளவும் சேர்த்து வேலையாட்கள் குரூப்பில் போடுவது. அங்கே ஆறு பேர் என்றால் ஆறு போனில் நகல். பிறகு நீங்கள் அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட்டும் ஃபார்வர்டும் அழியாது.

கூகுள் ஷீட்

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு இது ஒத்துவரும். ஆனால் வேலையாளின் சொந்த ஜிமெயிலில் தொடங்கினால் அவர் போகும்போது பட்டியலும் அவரோடு போகும். கடைக்கென்று தனிக் கணக்கு, அதற்கு டூ-ஸ்டெப் சரிபார்ப்பு, பிறகே ஷீட்.

நோட்டைப் போலவே இங்கும் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு தாள் வைத்து ஒன்றை மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். மறைப்பது பூட்டல்ல, எடிட்டர் உரிமை உள்ள யாரும் திறந்துவிடலாம். பகிரும்போது 'லிங்க் உள்ள எவரும்' என்பதை விட்டு, வேலையாளின் மெயிலைக் குறிப்பிட்டுச் சேர்க்கவேண்டும்.

'என் விவரத்தை எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் கேட்டால் வரியை அழிப்பது போதாது, கோப்பின் பழைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் அது உட்கார்ந்திருக்கும். வரியை நீக்கியபின் கோப்புக்குப் புதிய நகல் எடுத்து, பழையதை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யவேண்டும்.

கணினியில் எக்செல்

இன்டர்நெட் வேண்டாம் என்பவர்களுக்கு. புரொடெக்ட் ஷீட் பூட்டு விளையாட்டுப் பூட்டு. ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக் வழியாக 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' போட்டால்தான் உண்மையில் பூட்டும். பேக்கப் பென்டிரைவைச் சொருகியே வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வரும் நாளில் அதுவும் சேர்ந்து போகும்.

எங்கள் தேர்வு: தனி ஆளாக நடத்தும் கடைக்கு இரட்டை நோட்டு, ஆள் வைத்திருக்கும் கடைக்கு இரட்டை ஷீட். எக்செல், கணினியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும். வாட்ஸ்அப்பைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்துவைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, கணக்கையும் பில்லையும் ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அளவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் வராதவரின் அளவை நீக்கலாம், வந்தால் எப்படியும் புதிதாகத்தான் எடுக்கப்போகிறீர்கள். பள்ளிச் சீருடை தைப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள்: 18 வயதுக்குட்பட்டவர் விவரத்தை டிஜிட்டலாக வைக்க, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும். இது மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடைக்காரருக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அடுத்த சீருடை ஆர்டர் படிவத்திலேயே பெற்றோர் சம்மதத்துக்கு ஒரு வரியும் கையெழுத்துக்கு இடமும் சேர்த்துவிடலாம்.