போலார் எச்10 நெஞ்சுப்பட்டை: எச்ஆர்வி அளக்க வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பட்டை பிடிப்பது ஒன்று, செயலி சொல்வது வேறொன்று.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக நொடிக்கு ஒன்று என்று அர்த்தமில்லை. 960, 1035, 990 மில்லிசெகண்ட் என்று இடைவெளி ஆடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கையில் குறுகும், விடுகையில் நீளும். இந்த ஆட்டம்தான் எச்ஆர்வி, அதாவது இதயத்துடிப்பு இடைவெளியின் மாறுபாடு. இது பெரும்பாலும், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை. அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை வைத்து அதைக் காட்டும் எண்தான் ஆர்எம்எஸ்எஸ்டி.

மணிக்கட்டு வாட்ச் வெளிச்சத்தால் நாடியைப் பார்க்கிறது. எச்10 ஈசிஜி மாதிரி இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. இந்தத் துல்லியம் ஏன் முக்கியம்? 5 நிமிடப் பதிவில் ஒரே ஒரு துடிப்பு தவறினாலும் நடுவே 2000 என்று ஓர் இடைவெளி விழும். 40 வர வேண்டிய ஆர்எம்எஸ்எஸ்டி 90ஐத் தொட்டுவிடும். எண் கூடினால் நல்லது என்று எடுத்துக்கொண்டு, 'இன்று உடம்பு பிரமாதம்' என்று செயலி பாராட்டும்! இடையில் நேரத்துக்கு முன்பே வந்துவிடும் துடிப்பும் இதே கூத்தைச் செய்யும். எனவே பிழைதிருத்தம் உள்ள குபியோஸ் போன்ற செயலியே நல்லது.

பட்டையின் உள்பக்க மின்முனைகளைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, மார்புத் தசைக்குக் கீழே இறுக்கமாகக் கட்டுங்கள். காய்ந்த தோலில் முதல் நிமிடம் குப்பையாகத்தான் வரும். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், தினமும் ஒரே நிலையில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் விட்டு 5 நிமிடம் பதியுங்கள். பேச்சு, இருமல் கூடாது.

எல்எஃப்/எச்எஃப் விகிதத்தை (இடைவெளி ஆட்டத்தில் மெதுவான அலைக்கும் வேகமான அலைக்கும் உள்ள விகிதம்) 'மன அழுத்த அளவு' என்று காட்டும் செயலிகளை நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டால் மூச்சின் அலை 0.1 ஹெர்ட்ஸில், அதாவது மெதுவான எல்எஃப் அலைவரிசைக்குள் போய் விழும். அமைதியாக இருப்பவர் பதற்றத்தில் இருப்பதாகத் தெரியும். உடலைப் பரபரப்பாக்கும் சிம்பதெடிக் நரம்பைத் தனியாக அளக்கும் எண் இதில் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் இதய நோய்), பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

அளந்து முடித்ததும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் சிஆர்2025 பேட்டரி வீணாகத் தீரும். பட்டையை உடனே அலசுங்கள், வியர்வை உப்பு படிந்தால் சிக்னல் கெடும். நனைத்துக் கட்டியும் துடிப்பு தவறிக்கொண்டே இருந்தால் பட்டையை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது தனியாகவே கிடைக்கிறது.