மதர்போர்டு போகவில்லை, 7,400 ரூபாய்தான் போனது

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தபின் கணினி ஓடவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போன கரண்ட், மாலையில் மூன்று முறை வந்து வந்து போய், பிறகுதான் நிலைத்தது. அதோடு கணினியில் உயிர் இல்லை. பட்டனை இருபது முறை அழுத்தியிருப்பேன். பிளக்கைப் பிடுங்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஸ்கூட்டரில் வைத்து ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னான். என் கண் முன்னாலேயே மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, குனிந்து முகர்ந்தான். "கருகல் வாசனை வருகிறதா அண்ணே?" என்றான். நானும் முகர்ந்துவிட்டு, வருகிறது என்றேன்! வந்ததெல்லாம் தூசி வாசனைதான். "மதர்போர்டு போய்விட்டது. பழைய மாடல், லேசில் கிடைக்காது. உங்களுக்காகத் தேடிப் பார்க்கிறேன்." அந்த 'உங்களுக்காக'வில் விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை 7,400 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம். பில் கேட்டதற்கு, துண்டுச் சீட்டில் 'போர்டு 7,400' என்று கிறுக்கிக் கொடுத்தான்.

ஞாயிறு இரவு மறுபடி கரண்ட் போய் வந்தது. கணினி மறுபடி செத்தது. போன் செய்தால் "வெளியூரில் இருக்கிறேன் அண்ணே." அடுத்த முறை "கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கு வாரண்டி கிடையாது." அதற்குப்பின் எடுக்கவே இல்லை.

மாடி வீட்டு அண்ணன் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். வந்தார், பிளக்கைப் பிடுங்கினார், பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார், மீண்டும் செருகினார். ஓடியது! மின்னழுத்தம் தாறுமாறாக வந்தால் எஸ்.எம்.பி.எஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சில நேரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளுமாம். இணைப்பைத் துண்டித்து உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்தால் விடுபடுமாம். அப்படியானால் பிளக்கைக் கழற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோனபோதே அது சரியாகியிருக்கும்.

சந்தேகத்தில் மூடியைத் திறந்தோம். 2021-ல் பட்டன் பேட்டரி மாற்றியபோது போர்டின் ஓரத்தில் நீல ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதியிருந்தேன். அந்தத் தேதி அங்கேயே இருக்கிறது. என் போர்டை எனக்கே 7,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறான்!

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள், வந்து நிலைத்தபின் செருகுங்கள். ஓடாவிட்டால் அந்த அரை நிமிட வைத்தியத்தைச் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கொடுக்குமுன் போர்டைப் படம் எடுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுச் சீட்டோடு நாளை அங்கேதான் பேசப் போகிறேன்.